நூற்று நாற்பத்தாறு மீட்டர்

கேரள அரசு வேலைக்கான பி.எஸ்.சி. தேர்வுப் பட்டியல் காலாவதியாவதற்கு மூன்று நாட்கள் இருந்தபோதுதான் ஜின்சிக்கு வேலை கிடைத்தது. அன்று அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு டைல்ஸ் கடையில் நின்று, வீடு கட்டும் ஒருவருக்குக் குளியலறைத் தரைக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரியங்கோட்டிலிருந்து அம்மா ஃபோனில் கூப்பிட்டு, தபாலில் நீளமான கவர் ஒன்று வந்திருப்பதாகச் சொன்னாள்.

"பிரிச்சு வாசியும் அம்மா."

கவர் கிழியும் சத்தம் கேட்டது. "ஓவர்சியர்னு போட்டிருக்கு மக்களே. பொதுமராமத்து. ரோடு."

ஜின்சி ஃபோனை வைத்துவிட்டு, எதிரே நின்றவரிடம் பதினொன்றரைப் பெட்டி வரும், உடைகிறதுக்கும் சேர்த்துப் பதின்மூன்று எடுத்துக்கொள்ளுங்கள் என்று கணக்கைச் சொல்லி முடித்தாள். அதன் பிறகுதான் ஒரு டைல்ஸ் பெட்டிமேல் உட்கார்ந்து சிரிக்கத் தொடங்கினாள். சிரிப்பு நிற்கவே இல்லை. கடை முதலாளி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. சிவில் டிப்ளமோ முடித்து ஆறு வருடம் ஆகியிருந்தது. அப்பா ரப்பர் பால் வெட்டுகிறவர். கணவன் நிஜின் காரக்கோணம் ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். இருவரும் ஒரே சபையைச் சேர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்தில் படித்தது முழுக்க மலையாளம் என்றாலும், ஜின்சியின் வீட்டார் போகும் பழைய மிஷன் கோயிலில் காலை ஆராதனை தமிழில்தான் நடக்கும். பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்தே அவள் தமிழ் எழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அது ஒருநாள் வேலைக்கு உதவும் என்று அவள் நினைத்ததில்லை.

எல்லைப்புறத்தில் இருந்த அந்த செக்‌ஷன் ஆபீஸில் இரண்டே அறைகள். உதவிப் பொறியாளர் மனு, நாற்பதைத் தொடும் வயது, அமைதியானவர். எந்தக் காகிதத்திலும் கையெழுத்துப் போடுமுன் அதை இரண்டு தடவை படிப்பார். ஜின்சி சேர்ந்த அன்று அவர் பதினேழு சாலைகளின் பட்டியலைக் கொடுத்தார். மொத்தம் அறுபத்தொரு கிலோமீட்டர்.

"சமயம் கிட்டுறப்போ ஜீப்பில போய் ஒண்ணொண்ணா பாத்தா மதி, அது போதும்," என்றார்.

ஜின்சி ஜீப்பில் போகவில்லை. ஆபீஸ் அலமாரியின் பின்னால் கிடந்த அளவுச் சக்கரத்தைத் துடைத்து எடுத்தாள். கம்பு முனையில் சைக்கிள் சக்கரம் போல ஒன்று இருக்கும். தள்ளிக்கொண்டு நடந்தால் எத்தனை மீட்டர் என்று காட்டும். அதைத் தள்ளிக்கொண்டு மூன்று வாரத்தில் பதினேழு சாலைகளையும் நடந்து முடித்தாள். ஒரு சாலை எங்கே தொடங்குகிறது, எங்கே வளைகிறது, மழைத்தண்ணீர் எந்தப் பக்கம் இறங்குகிறது, எந்த வீட்டுக்காரர் ஓடைமேல் ஸ்லாப் போட்டு அடைத்திருக்கிறார் என்பதையெல்லாம் தன் காலால் நடந்து தெரிந்துகொள்வதில் அவளுக்கு அப்படி ஒரு கொண்டாட்டம். சாயங்காலம் ஆபீசுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் பேச ஆரம்பித்துவிடுவாள். ஏழாவது சாலையில் குழாய்க்காகத் தோண்டிய பள்ளத்தை யாரோ மண் போட்டு மூடி மேலே சிமென்ட் பூசியிருக்கிறார்கள், பன்னிரண்டாவது சாலையில் ஓடை கடக்கும் சிறுபாலம், அதாவது கல்வெர்ட், மூன்று என்று எழுதியிருக்கிறது, எண்ணிப் பார்த்தால் நான்கு இருக்கிறது. மனு பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார். நான்காவது கல்வெர்ட்டை அவர் மறுநாளே போய்ப் பார்த்து வந்தார் என்பதை ஜின்சி பின்னால் ஜீப் டிரைவர் சொல்லித்தான் அறிந்தாள்.

வேலையின் இன்னொரு பாதி ஃபோனில் வரும். சாலையில் குழி என்றால் யார் வேண்டுமானாலும் படம் எடுத்துத் துறையின் ஆப்பில் போடலாம். அது நேரே செக்‌ஷனுக்கு வரும். ஓவர்சியர் போய்ப் பார்த்து, சரிசெய்துவிட்டு மூட வேண்டும். நம்முடைய சாலை இல்லை என்றால் அப்படி எழுதி மூடலாம்.

அப்படி மூடி மூடித் திறந்த புகார் ஒன்று அவள் சேர்ந்த இரண்டாம் மாதம் வந்தது. பதினேழாவது சாலை, தேரிக்கோணத்திலிருந்து எல்லைப் பக்கம் போவது. புகார் கொடுத்தவர் பெயர் சத்தியபாய். அதே இடம், அதே குழி, பன்னிரண்டாவது தடவை.

ஜின்சி போனாள். தார் ஓர் இடத்தில் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தது. அதற்கு அப்பால் ஜல்லியும் சேறும் குழியுமாக ஒரு நீட்டு. அதன் முடிவில் சின்னக் கல்வெர்ட். கல்வெர்ட்டுக்கு அந்தப் பக்கம் இலுப்பவிளை, தமிழ்நாட்டுத் தார். நடுவில் கிடந்ததைச் சக்கரத்தால் அளந்தாள். நூற்று நாற்பத்தாறு மீட்டர்.

அளந்து முடித்தபோது எதிரே ஒரு பெட்டி ஆட்டோ வந்து நின்றது. பின்னால் வாழைக்குலைகள். ஓட்டிவந்தது ஐம்பத்தைந்து வயது இருக்கும் ஒரு பெண். நைட்டிமேல் காக்கிச் சட்டை போட்டிருந்தாள்.

"நீயாக்குமா புதிய ஓவர்சியர்? பழைய ஆளு மீசை வச்சிருந்தாரு. பதினோரு தடவ மூடினாரு."

"எதை மாமி?"

"எனக்க பராதிய. நான் சத்தியபாய்."

ஜின்சி வெள்ளைக் கோட்டைக் காட்டினாள். "எங்க ரோடு அந்தக் கோட்டோட தீந்து போச்சு மாமி. இது எங்களுக்குள்ளது இல்ல."

"பின்ன ஆருக்குள்ளது?"

"தமிழ்நாட்டுக்கு."

"அங்க போய்க் கேட்டா கேரளாவுக்குன்னு சொல்லுதாவ. எனக்க வண்டி எங்க ஓடுது மோளே? ஆகாசத்திலயா?" சத்தியபாய் வண்டியிலிருந்து இறங்கவில்லை. கோபமும் படவில்லை. "இந்த வருஷம் ரெண்டு ஆக்ஸில் போச்சு. பயலுவ சொல்லுதானுவ, குழியில வாழைய நட்டு படம் எடுத்துப் பேப்பர்ல போடலாம்னு. வாழை நட எனக்கு நேரம் இல்ல. எனக்கு ரோடு மதி."

ஜின்சி ஆபீசுக்குத் திரும்பிவந்து, 'துறையின் சாலை அல்ல' என்று எழுதிப் புகாரை மூடினாள். விதிப்படி அதுதான் சரி. ஆனால் அன்று பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அவளுக்கு முகம் சுட்டது. மறுநாள் காலை ஒன்பது மணிக்குப் புகார் பதின்மூன்றாவது தடவையாகத் திறந்திருந்தது. அதைப் பார்த்ததும் அவளுக்கு ஏனோ உற்சாகம் வந்துவிட்டது.

ஆபீஸ் ஆஸ்திப் பதிவேட்டை எடுத்தாள். துறைக்கு உள்ள சாலைகள், பாலங்கள் எல்லாம் நீளத்தோடு எழுதியிருக்கும் புத்தகம் அது. அதில் இல்லாத சாலைக்கு ஒரு சட்டி ஜல்லி போடவும் வழியில்லை. பதினேழாவது சாலை நான்கு கிலோமீட்டர் நானூற்று அறுபது மீட்டர் என்று இருந்தது. வெள்ளைக் கோடு வரை சரியாக அவ்வளவுதான். பிறகு எல்லைக்கு அப்பால் உள்ள பஞ்சாயத்து யூனியன் ஆபீசுக்கு ஃபோன் செய்தாள். நாலு பேர் கைமாறி, தங்கையன் என்ற ஓவர்சியர் லைனுக்கு வந்தார்.

"இலுப்பவிளை ரோடா? எங்க ரிஜிஸ்டர்ல கல்வெர்ட்டுல இருந்துதான் தொடங்குது மேடம்."

"எங்களுக்கு வெள்ளக் கோட்டோட முடியுது சார்."

ஜின்சி நோட்டில் இரண்டு கோடு இழுத்து, நடுவே விட்ட இடைவெளியைப் பார்த்தாள்.

"அப்போ நடுவுல கெடக்குறது?" என்றார் தங்கையன்.

"ரெண்டு புத்தகத்திலயும் இல்ல."

தங்கையன் மெல்லச் சிரிப்பது கேட்டது. "சனிக்கிழமை காலத்த ஏழு மணிக்கு நான் வாறேன். கிராம வரைபடம் எங்கிட்ட உண்டு."

அது யார் செய்த தவறும் இல்லை. மாநிலங்கள் பிரிந்தபோது அங்கே சாலையே இல்லை. ரப்பர் தோட்டங்களுக்கு நடுவே மாட்டுவண்டி போகும் தடம் மட்டும்தான். பிற்பாடு இந்தப் பக்கத்துத் தாரும் அந்தப் பக்கத்துத் தாரும் வெவ்வேறு வருடங்களில் ஒன்றையொன்று நோக்கி வந்து, சேருமுன் நின்றுவிட்டன.

சனிக்கிழமை தங்கையன் மொபெட்டில் வந்தார். ஓய்வுக்கு இரண்டு வருடம் இருந்த மனிதர். மடித்த வரைபடத்தைப் பிளாஸ்டிக் பையில் போட்டு வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார். அதை மொபெட் சீட்டில் விரித்ததும் ஜின்சி குனிந்து வாசிக்க ஆரம்பித்தாள். "எல்லைக் கல் பதினான்கு. எல்லைக் கல் பதினைந்து. நடுவுல வண்டித்தடம்னு போட்டிருக்கு."

தங்கையன் நிமிர்ந்து பார்த்தார். "தமிழ் வாசிப்பியளா?"

"கோயில் பாட்டுப் புத்தகம் பாத்துப் படிச்சது சார்."

பதினான்குக்கும் பதினைந்துக்கும் நடுவே ஒரு கயிறு கட்டினால், அது சாலையைக் குறுக்கே வெட்டும் இடம்தான் எல்லை. பதினான்காம் கல் கிழக்கே ரப்பர் தோட்டத்தில் சருகுக்கு அடியில் பத்து நிமிடத்தில் கிடைத்துவிட்டது. பதினைந்து கிடைக்கவில்லை. வரைபடத்தில் இருந்த பழைய அளவை ஜின்சி ஃபோனில் மீட்டராக மாற்றினாள். டேப் பிடித்துக்கொண்டு மேற்கே நடந்தார்கள். டேப் ஒரு கோழிக்கூட்டின் வாசலில் போய் முட்டியது.

கூட்டுக்காரர் செல்லையன் பல் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தார். விஷயத்தைச் சொன்னார்கள்.

"எனக்க கூட்டுக்குள்ளயா எல்லை?"

"கணக்குப்படி அங்கதான் மாமா வருது. ஒருக்கா பாத்துக்கிடட்டா?"

"கூட்ட இடிக்கக்கூடாது."

"இடிக்க மாட்டேன்."

ஜின்சி சால்வாரின் துப்பட்டாவை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஃபோன் டார்ச்சைப் பல்லில் கடித்தபடி உள்ளே ஊர்ந்தாள். கோழிகள் அவள் முதுகில் ஏறி வெளியே பறந்தன. மூலையில் கோழிகள் அடைகாக்கும் ஓலைக் கடவப்பெட்டியை நகர்த்தினாள். மண்ணிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குக் கருங்கல் நின்றது. எச்சத்தை விரலால் சுரண்டினாள். ஒன்று, பக்கத்தில் ஐந்து.

"இருக்கு," என்று அவள் உள்ளேயிருந்து கத்திய குரலில் தங்கையன் வரைபடத்தைக் கீழே போட்டுவிட்டார். அந்த மனிதர் முப்பது வருட சர்வீஸில் அப்படி ஓடியிருக்க மாட்டார். கூட்டின் வாசலில் முட்டிபோட்டு உட்கார்ந்து, "நம்பர் தெரியுதா? நம்பர் தெரியுதா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

கயிறு கட்டினார்கள். அது சாலையைச் சாய்வாக வெட்டியது. வெள்ளைக் கோட்டிலிருந்து தொண்ணூற்றொரு மீட்டர் கேரளம். மீதி ஐம்பத்தைந்து தமிழ்நாடு. செல்லையன் கயிற்றையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்போ சேவல் தமிழ்நாட்டுல கெடக்கு," என்றார். மூன்று பேரும் சாலையோரத்தில் நின்று சிரித்தார்கள்.

திங்கட்கிழமை மனுவிடம் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை.

"நீ எல்லைக் கல்லைத் தொட்டியா?"

"எச்சத்தைத்தான் தொட்டேன் சார். கல்ல அசைக்கல்ல."

"இது ரெண்டு ஸ்டேட்டுக்க காரியம், ஜின்சி. நீயும் அந்த ஆளும் கயிறு கெட்டினா ஆகுமா?" சொல்லிவிட்டு அவர் வரைபடத்தின் நகலை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார். பிறகு ஒரு வெள்ளைத்தாள் எடுத்தார். "ரெண்டு தாசில்தாரும் வேணும். ரெண்டு சர்வேயரும் வந்து சேந்து அளக்கணும். லெட்டர் நான் எழுதுறேன்."

அந்தக் கடிதத்தை அவர் இரண்டு தடவை அல்ல, ஐந்து தடவை படித்தார்.

அடுத்த ஒன்பது மாதம் ஜின்சி செவ்வாய்க்கிழமை தோறும் இரண்டு தாலுகா ஆபீசுக்கும் ஃபோன் செய்தாள். ஒரு பக்கத்தில் மலையாளத்தில் கேட்பாள், மறுபக்கத்தில் தமிழில். கடிதம் எந்த மேசையில் இருக்கிறது, அடுத்து எந்த மேசைக்குப் போகும் என்று ஒரு நோட்டில் அம்புக்குறி போட்டு வைத்திருந்தாள். தங்கையன் தன் பக்கத்தில் நேரிலேயே போய் நின்றார். சத்தியபாய் புகாரை மூட விடாமல் திறந்து வைத்துக்கொண்டே இருந்தாள். அதனால் மேலதிகாரிகளின் பட்டியலில் அந்த இடம் மாதாமாதம் சிவப்பில் வந்து, கடிதம் வேகமாக நகர்ந்தது. பிப்ரவரியில் இரண்டு சர்வேயர்களும் வந்தார்கள். கருவி வைத்து அளந்தார்கள். கயிறு சொன்னதிலிருந்து நாற்பது சென்டிமீட்டர்தான் வித்தியாசம்.

பதிவேட்டில் புதிய நீளத்தை எழுதிய அன்று மனு பேனாவை ஜின்சியிடம் கொடுத்தார். நாலு கிலோமீட்டர் ஐந்நூற்று ஐம்பத்தொரு மீட்டர் என்று எழுதினாள். அவசரத்தில் முதல் ஐந்து கொஞ்சம் கோணலாக விழுந்தது. தங்கையன் தன் புத்தகத்தின் படத்தை எடுத்து அனுப்பினார். அதில் மை இன்னும் காயவில்லை.

பதினேழாவது சாலையில் அந்த வருடம் புதிதாகத் தார் போடும் வேலை ஏற்கெனவே அனுமதியாகியிருந்தது. அதோடு இந்தத் தொண்ணூற்றொரு மீட்டரையும் மனு சேர்த்துவிட்டார். யூனியனிலும் ஐம்பத்தைந்து மீட்டருக்கு ஒப்பந்தம் ஆனது. அப்போதுதான் ஜின்சிக்கு ஒரு விஷயம் உறைத்தது. கேரளத்துச் சாலை கனமான இரண்டு அடுக்கு. தமிழ்நாட்டுப் பக்கம் மெல்லியது. ஆளுக்கொரு நாளில், ஆளுக்கொரு உயரத்தில் போட்டால், எல்லையில் ஒரு படி நிற்கும். மழைத்தண்ணீர் அங்கே தேங்கி, ஒரே வருடத்தில் பழைய குழி திரும்ப வரும்.

செல்லையன் வீட்டு மதிலில் கரிக்கட்டையால் படம் போட்டாள். "இங்க இருந்து கல்வெர்ட் வரைக்கும் ஒரே சரிவு. உங்க பக்கம் அடியில ஜல்லி இவ்வளவு ஒசத்தணும்."

தங்கையன் தலையாட்டினார். "ஒரே நாள்ல போடணும். இல்லைன்னா சேராது."

"கேரளாவும் தமிழ்நாடும் ஒரே நாள்ல."

"போடுவோம்."

மே மாதம், ஒரு வியாழக்கிழமை. மழைக்காலம் தொடங்க இரண்டு வாரம் இருந்தது. காலை ஆறரைக்கே இரண்டு பக்கமும் ஆட்கள் வந்துவிட்டார்கள். கேரளப் பக்கத்து ஒப்பந்தக்காரர் சஜன் புதிய தொப்பி வைத்திருந்தார். பள்ளி விடுமுறை என்பதால் ஊரில் பாதி மதில்மேல் இருந்தது. ஜின்சி வெப்பமானியைக் கையில் பிடித்திருந்தாள். தார்க் கலவை லாரியில் வந்து சேரும்போது நல்ல சூடு இருக்க வேண்டும். ஆறினால் பிடிக்காது.

முதல் லோடு நூற்றைம்பத்திரண்டு டிகிரி. புகை எழும்பியது. கறுப்பாக, ஈரமாக, பாய் விரித்தது போல் தார் விரிந்து வந்தபோது ஜின்சி ஒவ்வொரு மீட்டராக வாய்விட்டு எண்ணினாள். ரோலர் ஓட்டும் தீபு அதன்மேல் போய் வந்தான். ஐம்பது மீட்டர் முடிந்தது.

இரண்டாவது லோடு வரவில்லை. பதினொன்றரை ஆயிற்று. கடல் பக்கம், பொழியூர் திசையில், வானம் கறுத்தது. லாரி வழியில் ரயில்வே கேட்டில் மாட்டி, அப்புறம் ஒரு கல்யாண ஊர்வலத்தின் பின்னால் மாட்டி, பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தது. ஜின்சி வெப்பமானியைச் செருகினாள். நூற்று எட்டு.

"இது வேண்டாம்," என்றாள்.

சஜன் தொப்பியைக் கழற்றினார். "மேடம், மழ வருது. இத விட்டா அடுத்தது வாறதுக்கு ஒண்ணர மணிக்கூர் ஆகும்."

"ஆறின கலவை சஜன். முதல் மழையில பேர்ந்து வரும்."

"ஆரு பாக்கப் போறாவ?"

"நான் பாத்தாச்சே."

சஜன் லாரிக்காரனைத் திரும்பிப் போகச் சொல்லிக் கைகாட்டினார். மதில்மேல் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். மழை முந்திக்கொண்டால் எல்லாரும் தன்னைத்தான் குறை சொல்வார்கள் என்று ஜின்சிக்குத் தெரியும்.

அந்த நேரத்தில்தான் எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது. தங்கையனின் ஆட்கள் ஐம்பத்தைந்து மீட்டரையும் விரித்து முடித்திருந்தார்கள். அவர்களுடைய ரோலர் இரண்டு தடவை ஓடியதும் எண்ணெய்க் குழாய் வெடித்து நின்றுவிட்டது. சூடான தார் விரித்தபடி கிடந்தது. இருபது நிமிடத்துக்குள் அழுத்தாவிட்டால் அத்தனையும் வீண்.

தங்கையன் எல்லை வரைக்கும் ஓடிவந்து நின்றார். சும்மா நின்ற தீபுவின் ரோலரைப் பார்த்தார். ஜின்சியும் அதைத்தான் பார்த்தாள். லோடைத் திருப்பி அனுப்பியதால் அது வேலையில்லாமல் நின்றது. ஆனால் அது கேரளத்துத் துறைப் பணிக்காக வந்த ரோலர். இன்னொரு மாநிலத்துச் சாலையில் ஓட்ட எந்தக் காகிதமும் இல்லை.

மனுவுக்கு ஃபோன் செய்து மூச்சுவிடாமல் சொன்னாள். எதிர்முனையில் ஒரு பெருமூச்சு கேட்டது.

"ரோலர் வேல செஞ்சு வந்தா திரும்புறதுக்கு இடம் வேணுமில்லா," என்றார் மனு.

"சார்?"

"அது எங்க திரும்பணும்னு சைட்டில நிக்கிற ஓவர்சியர்தானே தீருமானிக்கிறது. நான் வண்டி எடுத்து வாறேன்."

ஜின்சி ஃபோனைப் பைக்குள் போடாமலே கையை வீசினாள். "தீபு, கல்வெர்ட் வரைக்கும் போய்த் திருப்பு."

தீபு ஏணிப்படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு கேட்டான். "தமிழ்நாட்டுல ஓட்டினா எனக்குக் கேஸ் வருமா மேடம்?"

"நீ ஓட்டல்ல. திருப்புறே."

ரோலர் எல்லையைத் தாண்டியபோது மதில்மேல் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரோ கைதட்டினார்கள், பிறகு எல்லாரும் தட்டினார்கள். தீபு கல்வெர்ட் வரை போய்த் திருப்பினான். வந்து, மறுபடி போய்த் திருப்பினான். தங்கையன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓரமாக ஓடி, உருளையில் தார் ஒட்டாமல் இருக்கத் தண்ணீர் தெளிக்கும்படி ஆட்களை விரட்டினார். ஒன்பது தடவை திருப்பினான். பத்தாவது தடவை தேவைப்படவில்லை. தார் கருங்கல் தளம் போலப் பளபளத்தது.

ஒன்றே முக்காலுக்கு அடுத்த லோடு வந்தது. நூற்று நாற்பத்தொன்பது. சஜன் தானே வெப்பமானியைப் பார்த்துவிட்டு, முதல் தடவையாகச் சிரித்தார். "இது மதியா மேடம்?"

"தாராளம்."

மனு வந்து சேர்ந்தபோது கடைசி நாலு மீட்டர் பாக்கி. அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஜின்சியின் பக்கத்தில் நின்றார். இரண்டு தார்களும் சேரும் இடத்தை ஆட்கள் கைமட்டத்தால் சமன்செய்தார்கள். தீபு அதன்மேல் நீளவாக்கில் ஒரு தடவை, குறுக்கே ஒரு தடவை ஓட்டினான். ஜின்சி மூன்று மீட்டர் நேர்கம்பை அதன்மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். அடியில் வெளிச்சம் தெரியவில்லை. தங்கையன் மறுபக்கத்திலிருந்து குனிந்து பார்த்தார். "இங்கயும் தெரியல்ல," என்றார்.

மணி மூன்றரை. நாலு மணிக்கு மழை வந்தது.

ஒருவரும் ஒதுங்கவில்லை. முதல் துளிகள் சூடான தார்மேல் விழுந்து ஆவியாகின. பிறகு மழை கனத்தது. தண்ணீர் வெள்ளைக் கோடு இருந்த இடத்திலிருந்து இறங்கி, எல்லையில் ஒரு நொடிகூட நிற்காமல், ஓடைவழியே கல்வெர்ட்டுக்குள் பாய்ந்தது. ஜின்சி நனைந்துகொண்டே அதனுடன் நடந்தாள். "போகுது சார், போகுது," என்று சொல்லிக்கொண்டே போனாள். மனு குடையை விரிக்க மறந்து கையில் பிடித்திருந்தார்.

தார் ஆறும்வரை வண்டிகளை நிறுத்தியிருந்தார்கள். ஐந்தரைக்கு, வழியடைத்துக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தபோது வரிசையில் முதலாவதாக நின்றது சத்தியபாயின் பெட்டி ஆட்டோ. அவள் மெல்ல ஓட்டிக்கொண்டு கல்வெர்ட் வரை போனாள். அங்கே திரும்பி, அதேபோல் மெல்ல வந்தாள். ஜின்சியின் முன்னால் நிறுத்தினாள்.

"என்ன மாமி, எப்பிடி உண்டு?"

"ஒண்ணும் கேக்கல்ல மோளே," என்றாள் சத்தியபாய். "பின்னால தகரம் எல்லாம் கடகடன்னு அடிக்கும். ஒண்ணும் கேக்கல்ல. எஞ்சின் மட்டும் கேக்குது." அவள் கண் நிறைந்திருந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் கியரைப் போட்டு, இன்னொரு தடவை கல்வெர்ட்டை நோக்கிப் போனாள்.

தங்கையன் ஜின்சிக்கும் மனுவுக்கும் கட்டன் சாயா வாங்கிவந்து கொடுத்தார். "முப்பது வருஷத்துல நான் ரோடு நெறய போட்டிருக்கேன், தங்கச்சி," என்றார். மேடம் தங்கச்சி ஆனதை அவரே கவனிக்கவில்லை. "ஒரு ரோட்டையும் நின்னு பாத்தது இல்ல."

அன்று வீட்டில் நிஜின் சோறு போட்டு வைத்துக் காத்திருந்தான். ஜின்சி தட்டின் முன்னால் உட்கார்ந்து, தார் ஒட்டிய விரலால் மேசைமேல் எல்லையை வரைந்து காட்டி, ரோலர் திரும்பிய கதையை மூன்று தடவை சொன்னாள். மூன்றாவது தடவை சொல்லும்போது ரோலர் திரும்பிய ஒன்பது தடவை பத்தாகிவிட்டது என்று நிஜின் சுட்டிக்காட்டினான்.

ஜூலையில் அந்த வழியாக ஒரு மினி பஸ் ஓடத் தொடங்கியது. இலுப்பவிளையில் இருந்து காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இப்போது ஒரே வண்டியில் போகிறார்கள். செல்லையன் கூட்டை ஒரு முழம் தள்ளிக் கட்டி, கல்லுக்குச் சுற்றிலும் சுண்ணாம்பு அடித்தார். கேட்பவர்களுக்குக் காட்டவும் செய்கிறார்.

ஜின்சி இப்போது பொழியூர்ப் பக்கம் இருக்கிறாள். கடல் தின்றுவரும் கடற்கரைச் சாலைக்குக் கல்லடுக்கும் வேலை. அந்த வேலைக்குப் போக ஆள் இல்லை என்று கேட்டதும் தானாகக் கைதூக்கி வாங்கிக்கொண்டாள். மீன்பிடிக்கப் போய்வரும் ஆட்களிடம் எந்த மாதம் எந்தப் பக்கத்திலிருந்து அலை அடிக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்கிறாள். அவர்கள் ஆளுக்கொன்று சொல்லிச் சண்டை போடுகிறார்கள். மத்தியானம் நிஜினுக்கு ஃபோன் செய்தால் பாதி வார்த்தையை அலை விழுங்கிவிடும். அவள் இன்னும் சத்தமாகச் சொல்வாள்: இன்றைக்கு எட்டு லோடு கல் வந்தது, எட்டும் நல்ல கல்.